சேவல் தலைக்கு எந்த வண்ணம்? ஏர்பிரஷ், ஆயில், அக்ரிலிக், பொடி: ஓர் ஒப்பீடு

பாடம் செய்த, அதாவது தோலை உரித்துப் பதப்படுத்தி உயிருள்ளது போல நிறுத்திய சேவலில் இறகுகள் அப்படியே இருக்கும். காலை வாரிவிடுவது தலைதான். உயிரோடு இருந்தபோது செக்கச்செவேலென்று நிமிர்ந்து நின்ற கொண்டை, இரண்டு வாரத்தில் மிளகாய் வற்றல் போலச் சுருங்கிக் கருத்துவிடும். தாடி சுருண்டுகொள்ளும். அலகும் காலும் வெளுக்கும். தோலுரிப்பது, கம்பி கட்டுவது, பஞ்சு அடைப்பது எல்லாவற்றையும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டு வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "ஏர்பிரஷ் வாங்கிடட்டுமா, இல்லை ஆயில் டியூபே போதுமா?" என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. ஏர்பிரஷ் என்பது காற்றழுத்தத்தில் வண்ணத்தைப் புகை மாதிரி தெளிக்கும் சின்னக் கருவி; ஆயில் என்பது எண்ணெயில் குழைத்த ஓவிய வண்ணம்.

என் முதல் வான்கோழித் தலைக்கு நான் அந்தக் கேள்வியைக்கூடக் கேட்கவில்லை. ஹார்டுவேர் கடையில் சின்ன டப்பா சிவப்பு எனாமல் வாங்கிவந்து அடித்தேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால் அய்யனார் கோயில் குதிரை என்னை முறைத்துக்கொண்டு நின்றது. குதிரைக்கு அந்தச் சிவப்பு சரி. ஊர் எல்லையிலிருந்து வருகிறவன் கண்ணில் படவேண்டிய சிவப்பு அது. ஒரு முழம் தள்ளி நின்று பார்க்கிற பறவைத் தலைக்கு அது ஆகாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே பேசுவதெல்லாம் வீட்டுப் பறவைகளைப் பற்றி மட்டும்: நாட்டுச் சேவல், வான்கோழி, வாத்து. மயில், காட்டுக்கோழி போன்றவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. ரோட்டில் அடிபட்டுக் கிடந்தாலும் எடுத்துவரக் கூடாது. வனத்துறைக்குச் சொல்வதோடு நம் வேலை முடிந்தது.

## எதை வைத்து அளப்பது?

எந்தப் பெயிண்ட் நல்ல பெயிண்ட் என்று கேட்டால் பதில் கிடைக்காது. நான் ஐந்து விஷயங்களைப் பார்க்கிறேன். அதில் முதலாவதுதான் முக்கால்வாசி.

ஒளி உள்ளே போய்த் திரும்புகிறதா? கொண்டையின் சிவப்பு தோலின் மேல் இருக்கும் சாயம் அல்ல. மெல்லிய மேல்தோலுக்கு அடியில் நெருக்கமாக ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள்தான் அந்த நிறம். வெளிச்சம் தோலுக்குள் கொஞ்சம் போய், ரத்தத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. அதனால்தான் காலை வெயிலுக்கு எதிரே சேவல் நிற்கும்போது கொண்டையின் முனைகள் விளக்கு ஏற்றினாற்போல ஆரஞ்சாகத் தெரிகின்றன. இதை நகல் செய்யவேண்டுமானால் வண்ணம் நிறக் கண்ணாடி மாதிரி இருக்கவேண்டும்: கீழே வெளிர் நிறம், மேலே ஒளி ஊடுருவும் மெல்லிய சிவப்புப் பூச்சுகள் பல. கெட்டியான சிவப்பை ஒரே பூச்சாக அடித்தால் வெளிச்சம் மேற்பரப்பிலேயே நின்றுவிடும். பிளாஸ்டிக் பொம்மைத் தலை தயார்.

இறகு ஓரம். தோல் முடிந்து இறகு தொடங்கும் அந்தக் கோட்டில் வண்ணம் கசிந்தால் மொத்த வேலையும் காலி.

திருத்த முடியுமா? தப்புப் பண்ணாமல் யாரும் முதல் தலையை முடித்ததில்லை.

நம் ஊர்க் காற்றும் காலமும். ஈரப்பதத்தில் எது எப்படி நடந்துகொள்கிறது, ஐந்து வருடம் கழித்து நிறம் நிற்குமா?

செலவு. பில்லில் வருவது பாதி. மீதி நேரம், இடம், நுரையீரல்.

## வண்ணத்துக்கு முன்னால்: அடித்தளம்

இதைத் தாண்டிக் குதித்தால் எந்த வண்ணமும் உதவாது. சேவல் கொண்டைக்குள் ஹயலூரானிக் அமிலம் ஏராளமாக இருக்கிறது. முகத்துக்குப் பூசும் சீரத்தில் போடுகிறார்களே, அதேதான். அதைப் பிரித்தெடுக்கச் சேவல் கொண்டையையே மூலப்பொருளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தண்ணீரைப் பிடித்து வைப்பதுதான் அதன் குணம். தண்ணீர் போனதும் கொண்டை உருக்குலைகிறது. ஆகவே இரண்டு வழி. ஒன்று, காய்ந்த கொண்டையை எபாக்சி புட்டியால் நிரப்பி மறுபடி உருவம் கொடுப்பது. அவசரத்துக்கு எம்-சீலே போதும், ஆனால் சீக்கிரம் இறுகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசையவேண்டும். இன்னொன்று, பச்சையாக இருக்கும்போதே பல் டாக்டர்கள் அச்செடுக்கும் அல்ஜினேட்டில் அச்செடுத்து ரெசினில் வார்ப்பது. ஃபிரீஸ் டிரையர் (உறையவைத்தே ஈரத்தை எடுக்கும் இயந்திரம்) வசதி உள்ள இடங்களில் சுருக்கம் குறைவு, நிறம் மட்டும் அங்கேயும் போய்விடும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி: அசில் சேவலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கொண்டை சின்னது, தலையோடு ஒட்டியிருக்கும். தாடி இருப்பதே தெரியாது. சுருங்குவதற்கு அங்கே அதிகம் எதுவும் இல்லை.

காய்ந்த தோலில், பதப்படுத்தத் தூவிய போராக்ஸ் தூள் ஒட்டியிருக்கும், துடைத்து எடுங்கள். வாத்தாக இருந்தால் கொழுப்பை அசிட்டோன் வைத்து இரண்டு மூன்று தடவை எடுக்கவேண்டும். விட்டுவைத்தால் ஆறு மாதம் கழித்து எண்ணெய் மேலே வந்து அலகில் மஞ்சள் திட்டு போடும். அதன் பிறகு, வண்ணம் தோலுக்குள் ஊறாமல் தடுக்கும் மெல்லிய சீலர் ஒரு பூச்சு. பாலிஷ் போடும் ஆசாரிகள் ஸ்பிரிட்டில் கரைக்கிற ஷெல்லாக் என்ற அரக்கே நல்ல சீலர்தான், மெழுகு நீக்கியதாகக் கேட்டு வாங்குங்கள். சிலிகானில் வார்த்த தலை என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்குப் பொருந்தாது. சிலிகானில் சிலிகான் சார்ந்த வண்ணம் தவிர வேறு எதுவும் ஒட்டாது. தோல் உரிகிற மாதிரி உரிந்து வந்துவிடும்.

## நிறத்தை எங்கிருந்து எடுப்பது?

அருங்காட்சியகங்களுக்காகப் பறவை சேகரித்தவர்கள், கையில் கிடைத்த உடனே கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தை அட்டையில் எழுதிக் காலில் கட்டிவிடுவார்கள். மறுநாள் அந்த நிறம் இருக்காது என்று அவர்களுக்குத் தெரியும். நாம் மொபைலில் படம் எடுத்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். மொபைல் கேமராவுக்குச் சிவப்பு என்றால் தகராறு. கொண்டையை ஒரே தட்டையான பளீர் சிவப்பாகக் காட்டிவிடும், உள்ளே இருக்கும் ஏற்ற இறக்கம் எல்லாம் போய்விடும். செத்த சேவலும் உதவாது. ரத்த ஓட்டம் நின்றதும் கொண்டை ஊதா கலந்து மங்கிவிடும்.

நான் செய்வது இது. கெட்டிக் காகிதத்தை விரல் அகலத்துக்கு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கலவையைப் பூசி எடுத்துக்கொண்டு, பக்கத்துத் தெருவில் சேவல் வளர்க்கும் மாமா வீட்டுக்குப் போவேன். அவர் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள, நான் காகிதத்தைக் கொண்டைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன். அடிப்பகுதி, நடு, முனை, கன்னம் என்று நான்கு இடத்திலும் வேறு வேறு துண்டு பொருந்தும். "சிவப்பு" என்று நாம் நினைத்திருந்தது குறைந்தது நான்கு நிறம் என்று அப்போது தெரியும். மரத்தடி வெளிச்சத்தில் பாருங்கள், டியூப் லைட்டில் வேண்டாம். டியூப் லைட்டில் அச்சு அசலாகப் பொருந்திய கலவை வெயிலில் வேறு மாதிரி தெரியும்.

அந்த மாமாதான் எனக்குக் கடைசித் தேர்வும் வைப்பவர். நான் முடித்து எடுத்துப்போன இரண்டாவது தலையை ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு உடம்புல ரத்தமே இல்லையே, பூச்சி மருந்து குடுத்தியா?" என்றார். சேவல்காரருக்குக் கொண்டைதான் உடல்நிலை அறிக்கை: வெளிறினால் ரத்தசோகை, நுனி நீலம் பாய்ந்தால் மூச்சிலோ ரத்த ஓட்டத்திலோ கோளாறு. நம் கலவையில் வெள்ளை ஒரு சொட்டு கூடினால் முதல் நோய், ஊதா ஒரு சொட்டு கூடினால் இரண்டாவது.

## ஏர்பிரஷ்

இதன் பலம் நிற மாற்றம். ஒரு நிறம் இன்னொன்றில் எங்கே கலந்தது என்று தெரியாமல் கரைந்து போவது ஏர்பிரஷ்ஷில் இயல்பாக வரும். வாத்தின் அலகு மாதிரி வழுவழுப்பான பரப்புக்கு இதை மிஞ்ச ஆளில்லை. 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 20 பி.எஸ்.ஐ. அழுத்தம், பால் போல நீர்க்கக் கரைத்த, ஒளி ஊடுருவும் வகை வண்ணம். டப்பாவில் ஒளி ஊடுருவும் வகை என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும். ஒவ்வொரு பூச்சும் புகை பட்ட மாதிரி இருந்தால் போதும், பத்துப் பூச்சு போட்டாலும் கனம் தெரியாது. அரை நாளில் ஒரு தலை முடியும்.

ஆனால் கொண்டை வழுவழுப்பானது இல்லை. பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கொண்டை முழுக்க நுண்ணிய மணிகள், இடையில் பள்ளங்கள். ஏர்பிரஷ் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே மாதிரி பவுடர் போட்டுவிடுகிறது. தூரத்தில் அழகு, கிட்டே வந்தால் மேக்கப் போட்ட முகம். ஏர்பிரஷ் மட்டுமே வைத்து முடித்த தலைகளை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்.

மறைந்திருக்கும் செலவு இதில்தான் அதிகம். ஏர்பிரஷ்ஷும் சின்ன கம்ப்ரெஸரும் சேர்ந்து சில ஆயிரம் ரூபாய் என்பது தொடக்கம் மட்டுமே. கடலோர ஊர்களில் கம்ப்ரெஸர் காற்றோடு தண்ணீரையும் அனுப்பும். நீர் பிரிப்பான் இல்லாவிட்டால் வேலை நடுவில் கொண்டைமேல் சொட்டு விழும். ஒவ்வொரு நிற மாற்றத்துக்கும் கழுவவேண்டும். சோம்பல்பட்டு ஒரு ராத்திரி விட்டுவைத்தால் ஊசி ஒட்டிக்கொள்ளும். இறகுகளை மறைக்க மட்டும் முக்கால் மணி நேரம் போகும். நான் கழுத்து இறகுகளைப் பின்னால் வாரிவிட்டு ஈர டிஷ்யூவைப் பட்டை பட்டையாக ஒட்டிவிடுவேன், காய்ந்தால் மறுபடி நனைப்பேன்.

எதைத் தெளிப்பது என்பது தனிக் கேள்வி. மர வேலைக்குப் பயன்படும், தின்னரில் கரையும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் நொடியில் காய்கிறது, தோலை நன்றாகப் பற்றுகிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அதைத் தொடாதீர்கள். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரம் அதில் படிந்து, சிவப்பின் மேல் வெள்ளைப் பூஞ்சை மாதிரி பூத்துவிடும். தின்னர் ஆவிக்குத் துணி முகக்கவசம் போதாது, கரி வடிகட்டி போட்ட கவசம் வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் லாக்கரை மறந்துவிட்டு நீரில் கரையும் அக்ரிலிக்கையே தெளியுங்கள்.

## ஆயில் கலர், தூரிகையோடு

என் ஓட்டு இதற்குத்தான் என்பதை மறைக்கப் போவதில்லை. காரணம் எளிது: ஆயில் மெதுவாகக் காய்கிறது. பூசியதைத் துடைக்கலாம், மறுபடி பூசலாம், விரலால் ஒற்றலாம், பிடிக்கவில்லையென்றால் டர்பன்டைன் தொட்ட துணியால் மொத்தமாக எடுத்துவிட்டு நாளை தொடங்கலாம். கொண்டைக்கு வேண்டியதும் பூசுவதைவிடத் துடைப்பதுதான்.

ஒரு கொண்டையை எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன். முதல் பூச்சு அக்ரிலிக். யெல்லோ ஓக்கர், வெள்ளை, ஊசிமுனை அளவு சிவப்பு. இறகு பிடுங்கிய நாட்டுக்கோழித் தோலின் நிறம் வரவேண்டும். பார்க்கிறவர்கள் "என்ன சிவப்பே இல்லை" என்பார்கள், இருக்கட்டும். அது நன்றாகக் காய்ந்ததும் குவினாக்ரிடோன் சிவப்பில் துளி கேட்மியம் ரெட் கலந்து, ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கொண்டை முழுக்கத் தடவுவேன். பத்து நிமிஷம் பொறுத்து, பழைய பருத்தி வேட்டித் துண்டை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு ஒற்றி ஒற்றி எடுப்பேன். தேய்க்கக் கூடாது. மேடான மணிகளின் தலையிலிருந்து வண்ணம் துணிக்கு வந்துவிடும், பள்ளங்களில் தங்கிவிடும். அந்த நிமிஷத்தில்தான் கொண்டைக்கு முதல்முறையாகத் தோல் வருகிறது. வரைந்து கொண்டுவர முடியாத நுணுக்கம் தானாக எழும்பி நிற்கும்.

மூன்று நாள் விட்டு அடுத்த பூச்சு, இந்தத் தடவை மண்டையோடு சேரும் தடித்த அடிப்பகுதிக்கும் பின்புற இதழுக்கும் மட்டும், இன்னும் ஆழமான சிவப்பில். முனைகளை அப்படியே ஆரஞ்சு சாயலோடு விட்டுவிடுகிறேன், வெயில் அங்கே ஊடுருவுவதாகக் கண் நம்பிக்கொள்ளும். கன்னத் தோலுக்கு இதைவிட ஒரு படி வெளிர். மொத்தம் மூன்று பூச்சு, இரண்டு வாரம்.

குறைகளையும் சொல்லவேண்டும். இரண்டு வாரம் தூசி படாமல் வைக்க இடம் வேண்டும். நான் கொசுவலைத் துண்டு போட்ட அட்டைப்பெட்டிக்குள் வைக்கிறேன். வெள்ளையும் கேட்மியமும் அதிகம் கலந்தால் காய்வது இன்னும் இழுத்துக்கொண்டே போகும். எண்ணெய் அதிகமானால் இறகின் அடிக்குள் திரி ஏறுவதுபோல ஏறி, கழுத்தைச் சுற்றி ஈரக் கறை மாதிரி ஒரு கருவளையம் விழும்; அதை எடுப்பது கடினம். டியூபில் அலிசரின் கிரிம்சன் என்று பார்த்து ஆசைப்பட்டு வாங்காதீர்கள். நிறம் அப்படியே ரத்தம்தான், ஆனால் பி.ஆர். 83 என்ற நிறமிக் குறியீடு போட்ட பழைய அலிசரின் மெல்லிய பூச்சில் வெளிச்சம் பட்டு வெளுக்கும், நாம் போடுவதெல்லாம் மெல்லிய பூச்சு. அதற்குப் பதிலாகத்தான் குவினாக்ரிடோன். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடவே கூடாது. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியவை அவை. தண்ணீரில் நனைத்து மூடி போட்ட டப்பாவில் போடுங்கள்.

## அக்ரிலிக், தூரிகையோடு

மலிவு, வாடை இல்லை, எந்த ஸ்டேஷனரிக் கடையிலும் கிடைக்கும், பத்து நிமிஷத்தில் காயும். கடைசியாகச் சொன்ன குணம்தான் இதன் வரமும் சாபமும். பூசியதை ஒற்றி எடுக்கலாம் என்று துணியை எடுப்பதற்குள் விளிம்பு காய்ந்து கோடு விழுந்திருக்கும். காய்ந்தால் காய்ந்ததுதான், தண்ணீர் போட்டுத் திரும்பக் கரைக்க முடியாது. ஈரத்தில் பார்த்த நிறத்தைவிடக் காய்ந்த நிறம் கொஞ்சம் அடர்ந்தும் போகும். சீலர் போடாத காய்ந்த தோலில் தண்ணீர் வண்ணம் பட்டால் தோல் அந்த இடத்தில் நெகிழ்ந்து உப்புவதும் உண்டு.

ஆனாலும் அடித்தளப் பூச்சுக்கு இதைவிட நல்லது இல்லை. கண் ஓரக் கோடு, அலகின் நுனிக்கறுப்பு, நாசித் துளை, காலின் செதில் விளிம்பு போன்ற கூர்மையான வேலைகளுக்கும் அக்ரிலிக்தான். வகுப்பறைக்கு நாலு தலை வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை. அப்போது மேட் மீடியம் (பளபளப்பில்லாத, நிறமற்ற அக்ரிலிக் கலவை) நிறையச் சேர்த்து, தேநீர் வடித்த தண்ணீர் அளவுக்கு நீர்க்கக் கரைத்து, பதினைந்து இருபது பூச்சு போடுங்கள். பொறுமை இருந்தால் பலன் ஆயிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

வரிசை முக்கியம். அக்ரிலிக்கின் மேல் ஆயில் போடலாம். ஆயிலின் மேல் அக்ரிலிக் போட்டால் நாளடைவில் உரியும். காயாத ஆயிலின் மேல் லாக்கர் அடித்தால் அன்றைக்கே சுருங்கிக்கொள்ளும்.

## பொடி வண்ணம்

சாக்பீஸ் மாதிரி இருக்கும் சாஃப்ட் பேஸ்டல் வண்ணக் கட்டியைக் கத்தியால் சுரண்டினாலே பொடி கிடைக்கும். கடைசிப் பூச்சு லேசாகப் பிசுபிசுக்கும் பதத்தில் இருக்கும்போது, முடி குட்டையான தூரிகையால் பொடியை ஒற்றவேண்டும். உயிருள்ள சேவலின் கொண்டையில் ஒரு மெல்லிய சாம்பல் பூத்திருக்குமே, செதில் செதிலாக, அதைக் கொண்டுவர இதுதான் வழி. வான்கோழிக் கழுத்தின் சதை முடிச்சுகளுக்கு இடையே நிழல் கொடுக்கவும் நல்லது.

தனியாக ஒரு தலையை முழுக்கப் பொடியில் முடிக்க நினைக்காதீர்கள். தொட்டால் வந்துவிடும். நிலைநிறுத்த ஸ்ப்ரே அடித்தால் பாதிப் பொடி காணாமல்போய் நிறம் அடர்ந்துவிடும். கேட்மியம் உள்ள நிறமியைப் பொடியாகக் கையாளவே வேண்டாம், மூக்குக்குள் போகக் கூடாத சரக்கு அது.

## வான்கோழியின் நீலம்

சேவலுக்கு வேலை செய்த கணக்கு வான்கோழியில் பாதியோடு நின்றுவிடும். அதன் தலையிலும் சிவப்புக்குக் காரணம் ரத்தம்தான், ஆனால் நீலத்துக்கு நீலச் சாயம் எதுவும் இல்லை. தோலுக்குள் ஒழுங்காக அடுக்கப்பட்ட கொலாஜன் இழைகள் ஒளியைச் சிதறடித்து நீலத்தைத் திருப்பி அனுப்புகின்றன. பறவை கோபப்பட்டால், பெட்டைக்கு முன்னால் விசிறி விரித்தால், ரத்தக் குழாய்கள் விரிந்து சுருங்கி வெள்ளை, நீலம், சிவப்பு என்று தலை மாறிக்கொண்டே இருக்கும். அதனால் முதலில் உங்கள் வான்கோழி எந்த மனநிலையில் இருக்கிறது என்று முடிவு செய்யுங்கள். இறகை ஒடுக்கி அமைதியாக நிற்கும் பறவைக்கு நெருப்புச் சிவப்புத் தலை வைத்தால் பொருந்தாது.

நீல டியூபை நேரடியாகப் பூசினால் சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்த சுவர் மாதிரி இருக்கும். இயற்கை செய்வதையே நாமும் செய்யலாம்: அடியில் கரும் சாம்பல், அதன்மேல் நீர்த்த பால் போல டைட்டானியம் வெள்ளையை மிக மெல்லிதாக இழுத்துவிடுங்கள். இருட்டின் மேல் கிடக்கும் மெல்லிய வெள்ளை தானாகவே நீலம் பூண்டு தெரியும். நீலமே போடாமல் பாதி நீலம் வந்துவிடும், மீதிக்கு அல்ட்ராமரீன் ஒரு துளி. இந்த வேலைக்கு ஏர்பிரஷ்ஷும் ஆயிலும் சமம். அக்ரிலிக்கில் செய்யலாம், கோடு விழாமல் செய்வது சிரமம்.

## ஒரே பார்வையில்

| | ஏர்பிரஷ் | ஆயில் | அக்ரிலிக் | பொடி |
|---|---|---|---|---|
| ஒளி ஊடுருவும் ஆழம் | நல்லது, வண்ணத்தைப் பொறுத்து | மிக நல்லது | பல பூச்சு போட்டால் பரவாயில்லை | இல்லை |
| மணி, பள்ள நுணுக்கம் | குறைவு | மிக நல்லது | நடுத்தரம் | நல்லது |
| இறகு ஓரம் | மறைப்பு கட்டாயம் | எண்ணெய் ஏறும் அபாயம் | பாதுகாப்பு | பாதுகாப்பு, ஊதிவிடலாம் |
| திருத்தம் | கடினம் | எளிது | காயும் முன் மட்டும் | எளிது |
| மழைக்காலம் | லாக்கர் பூக்கும் | தாமதமானாலும் பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை | பிரச்சினை இல்லை |
| ஒரு தலைக்கு நேரம் | அரை நாள் | இரண்டு வாரம் | ஒரு நாள் | துணை வேலை, ஒரு மணி |
| மறைந்த செலவு | கவசம், நீர் பிரிப்பான், கழுவும் நேரம் | தூசியில்லா இடம், துணியால் தீ அபாயம் | பொறுமை | மூச்சுப் பாதுகாப்பு |

## யாருக்கு எது?

வருடத்துக்கு ஒன்றிரண்டு தலை, சேவலோ வான்கோழியோ, அவசரம் இல்லை என்றால் அக்ரிலிக் அடித்தளம், மேலே ஆயில், கடைசியில் துளி பொடி. ஏர்பிரஷ் வாங்க வைத்திருக்கும் பணத்தில் இரண்டு நல்ல குவினாக்ரிடோன் டியூபும், நல்ல கண்ணாடிக் கண் ஒரு ஜோடியும் வாங்குங்கள். கண் மட்டமாக இருந்தால் கொண்டை எவ்வளவு நன்றாக இருந்தாலும் யாரும் பார்க்கப் போவதில்லை.

வாத்து அதிகம் செய்பவர்கள், மாதம் நாலைந்து தலை முடிக்கவேண்டியவர்கள் ஏர்பிரஷ் வாங்கலாம், கைக்கு வந்துவிட்டால் நேரம் நிறைய மிச்சம். ஆனால் பழகுவதற்கு முழுப் பறவையைப் பலி கொடுக்காதீர்கள். கறிக்கடையில் சொல்லிவைத்தால் நாட்டுச் சேவல் தலைகள் கிடைக்கும். பிராய்லர் தலை வேண்டாம், அதன் கொண்டையில் பயிற்சிக்கு இடமே இல்லை. பத்துத் தலையைக் காயவைத்து, பத்திலும் அடித்துப் பார்த்த பிறகு நல்ல பறவைக்குப் போங்கள்.

பள்ளி, கல்லூரிக்கு அவசர மாதிரி என்றால் அக்ரிலிக் மட்டும் போதும். கைபடும் மாதிரிகளுக்கு அதுதான் தாங்கும்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் வார்னிஷ் விஷயத்தில் கை நடுங்கட்டும். பளபளப்பு கண்ணுக்கு மட்டும். அலகுக்குச் செருப்புத் தோல் அளவுக்கு மெல்லிய மினுமினுப்பு. கொண்டைக்கும் தாடிக்கும் மேட். தலை முழுக்க ஒரே பளபளப்பு அடித்தால் இரண்டு வாரம் துடைத்துத் துடைத்துக் கொண்டுவந்ததெல்லாம் மழையில் நனைந்த மாதிரி ஆகிவிடும்.

இன்னும் ஒரு வகை ஆட்கள் வருகிறார்கள்: கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் அலமாரிமேல் கிடக்கும் பழைய பறவையை எடுத்து, தலையை மட்டும் புதுசாக்கித் தரச் சொல்லி. அவர்களுக்கு நான்கில் எதுவும் வேண்டாம் என்றே சொல்கிறேன். பழைய காலத்தில் தோலுக்குப் பெரும்பாலும் ஆர்சனிக் கலந்த சோப்பைத்தான் தடவினார்கள்; அந்த நஞ்சு இன்றும் அதே தோலில் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் உங்கள் மூச்சில் போகும். கையுறை, கவசம் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பெட்டிமேல் "தொடாதீர்கள்" என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கொண்டை கருத்தே இருக்கட்டும்.